சாப்பிட்டா சுகர் ஏறும் – அது பக் இல்லை சாமி, ஃபீச்சர்!

ஒரே வாரத்துல மூணு பேர் என்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. "மச்சி, நீ கையில ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சியே, அந்த சிஜிஎம்... எந்த கம்பெனி புரோகிராம் எடுக்கலாம்?" மூணு பேருக்கும் தனித்தனியா பதில் டைப் அடிச்சு கை வலிச்சதுதான் மிச்சம். அதான் ஒட்டடை அடிச்சுட்டு மறுபடி இந்தப் பக்கம் வந்திருக்கேன். ஆபீஸ்ல புடுங்க வேண்டிய ஆணியெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்.

மூணு பேரும் என் வயசுக்காரங்க. என்னை மாதிரியே பொட்டி தட்டுறவங்க. மூணு பேருக்கும் சர்க்கரை வியாதி கிடையாது. இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்குங்க, பதிவு முடியற வரைக்கும் தேவைப்படும்.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். உங்களுக்கு சர்க்கரை இல்லேன்னா, எந்தப் புரோகிராமும் எடுக்காதீங்க. ஏன்னு சொல்றேன். சொன்னப்புறமும் எடுத்தே தீருவேன்னு நின்னா, கேட்க வேண்டிய கேள்விகளைக் கடைசியில குடுத்திருக்கேன்.

விஷயம் தெரியாதவங்களுக்காக ரெண்டு பாரா. சிஜிஎம்ங்கிறது மேல் கையோட பின்பக்கம் ஒட்டுற ஒரு ரூபாய்க் காசு சைஸ் பில்லை. அதுலேர்ந்து முடி மாதிரி ஒரு இழை தோலுக்குள்ள போயி உக்காந்துக்கும். அந்த இழையில இருக்கிற நொதி குளுக்கோஸோட வினை புரியும்போது துளியூண்டு மின்சாரம் உண்டாகும். எவ்வளவு மின்சாரமோ அதை வச்சு எவ்வளவு குளுக்கோஸ்னு கணக்குப் போட்டு, போனுக்கு அனுப்பும். மாடலைப் பொறுத்து 10 லேர்ந்து 15 நாள் வரைக்கும் வேலை செய்யும், அப்புறம் பிச்சுப் போட வேண்டியதுதான்.

முக்கியமான சமாச்சாரம், அது அளக்கிறது ரத்தத்தை இல்லை. செல்களுக்கு நடுவுல இருக்கிற திரவத்தை. ரத்தத்துல ஏறின சர்க்கரை அங்க வந்து சேர சில நிமிஷம் பிடிக்கும். இன்சுலின் போட்டுக்கிறவங்களுக்கு இது வரப்பிரசாதமான கருவி. அதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. 1999-ல அமெரிக்காவுல முதல் சிஜிஎம்முக்கு அனுமதி கிடைச்சதுலேர்ந்து இது அவங்களுக்கான பொருளாத்தான் வளர்ந்துச்சு. 2024 மார்ச்ல ஸ்டெலோவுக்கும், அதே வருஷம் ஜூன்ல லிங்கோவுக்கும் மருந்துச் சீட்டு இல்லாமலே விக்கலாம்னு அங்க அனுமதி குடுத்தாங்க. நம்ம ஊர்ல அதுக்கு முன்னாடியே 'மெட்டபாலிக் ஹெல்த்'னு பேர் வச்சு, சென்சார், செயலி, கோச்சு எல்லாத்தையும் ஒரே பொட்டலமா கட்டி விக்க ஆரம்பிச்சிட்டாங்க. சர்க்கரை உள்ளவங்களை விட சர்க்கரை வந்துடுமோன்னு பயப்படறவங்க எண்ணிக்கை ஜாஸ்தி இல்லையா? மார்க்கெட் அங்கதான் இருக்கு.

அந்த பயந்தவங்கள்ல நானும் ஒருத்தன். அம்மாவுக்கு 14 வருஷமா சர்க்கரை. பெரியப்பாவுக்கு கால் விரல் போயிடுச்சு. ஆபீஸ்ல 'வெல்னஸ் வீக்'னு ஸ்டால் போட்டாங்க, தள்ளுபடின்னாங்க. மூணு மாச புரோகிராம், மாசத்துக்கு ஒரு சென்சார், வாட்ஸப்ல ஒரு கோச்சு. சோழிங்கநல்லூர்ல நான் குடுக்கிற வாடகையில பாதிக்கு மேல ஒவ்வொரு மாசமும் அதுக்குப் போச்சு. கம்பெனி பேரைக் கேக்காதீங்க. இந்த ஒரு கம்பெனியோட பிரச்சனை இல்லை இது.

முதல் நாள் காலையில நாலு இட்லி, சாம்பார். போன் அலறுச்சு. 152. கிராஃப்ல சிவப்புக் கோடு. "உங்கள் ஸ்கோர் 54" அப்படின்னு ஒரு சோக மூஞ்சி பொம்மை. எட்டாங்கிளாஸ்ல கணக்குப் பேப்பர் வாங்கின ஃபீலிங் :-( அடுத்த வாரம் அதே ஓட்டல், அதே நாலு இட்லி, அதே சாம்பார். 128. பச்சைக் கோடு. "அபாரம்!" அப்படின்னு கை தட்டுது. கோச்சுகிட்ட கேட்டேன், "மேடம், ரெண்டும் ஒரே இட்லிதானே?" "ஸ்ட்ரெஸ்ஸா இருக்கலாம் சார், தூக்கம் ட்ராக் பண்ணுங்க" அப்படின்னு பதில். தூக்கத்தை ட்ராக் பண்றதுக்கு அவங்ககிட்டயே ஒரு மோதிரம் இருக்காம். தனியா காசு.

இங்கதான் எனக்குள்ள இருந்த இஞ்சினியர் முழிச்சுக்கிட்டான். சென்சாரோட பிழை எவ்வளவுன்னு தேடினேன். மார்டுன்னு ஒரு அளவு இருக்கு. உண்மையான அளவுலேர்ந்து சராசரியா எத்தனை சதவீதம் விலகும்ங்கிறது. இப்ப இருக்கிற நல்ல சென்சார்களுக்கு அது 8, 9 சதவீதம். அதாவது ரத்தத்துல நிஜமா 140 இருந்தா, சென்சார் 127-ம் காட்டலாம், 153-ம் காட்டலாம். அதுவும் சராசரிதான், சில சமயம் இன்னும் விலகும். இப்ப என் ரெண்டு இட்லி ரீடிங்கையும் பாருங்க. 152, 128. ஒரே 140-ஐ ரெண்டு தடவை அளந்தாக்கூட இப்படி வரலாம்! இந்த இரைச்சல் மேல ஒரு ஸ்கோரைக் கட்டி, அந்த ஸ்கோர் மேல சோக மூஞ்சி பொம்மையை உக்கார வச்சிருக்காங்க. நம்ம டீம்ல எவனாவது இப்படி ஒரு டேஷ்போர்டு செஞ்சா கோட் ரிவியூவுலயே கிழிச்சுத் தோரணம் கட்டிடுவோம்.

நான் மட்டும் சொல்லலை. அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால் குழு 2020-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. சர்க்கரை இல்லாத 16 பேருக்கு ரெண்டு வேற வேற கம்பெனி சென்சாரை ஒரே நேரத்துல மாட்டிவிட்டாங்க. எந்தச் சாப்பாடு சர்க்கரையை அதிகமா ஏத்துதுன்னு வரிசைப்படுத்தச் சொன்னா, ஒரே ஆளுக்கு ரெண்டு சென்சாரும் ரெண்டு வரிசை சொல்லுது. இது 'உனக்கு' நல்ல சாப்பாடுன்னு ஒண்ணு சொல்றதை, அடுத்தது இது கெட்டதுங்குது. 2025-ல அவங்களே இன்னொண்ணு வெளியிட்டாங்க. ஒரே ஆளு, ஒரே சாப்பாடு, ஒரு வார இடைவெளி. முதல் தடவை ஒரு அளவு, ரெண்டாவது தடவை வேற அளவு. 'உங்களுக்கே உங்களுக்கான உணவுப் பட்டியல்'னு விக்கிறாங்களே, அதோட அஸ்திவாரம் இதுதான் மக்களே.

சரி, சென்சார் சரியாவே காட்டுதுன்னு வச்சுக்குவோம். அப்பவும், 140 தாண்டினா தப்பா? 2019-ல ஷா குழுவோட ஆய்வு ஒண்ணு. சர்க்கரை இல்லாத, 7 வயசுலேர்ந்து 80 வயசு வரைக்கும் 153 ஆரோக்கியமான ஆளுங்களுக்கு சிஜிஎம் மாட்டிப் பாத்தாங்க. நாளோட 96 சதவீத நேரம் 70-க்கும் 140-க்கும் நடுவுல இருந்தாங்க. 140-க்கு மேல தினம் அரை மணி நேரம் போயிட்டு வந்தாங்க. திருப்பிச் சொல்றேன், ஆரோக்கியமானவங்க. கணினியில ஒரு புரோகிராமை ஓட்டினா சிபியூ ஏறும், முடிஞ்சா இறங்கும். அதுக்குத்தானே சிபியூ வச்சிருக்கு? ஏறினதும் அலாரம் அடிக்கிறவனை வேலைக்கு வைப்போமா? சாப்பிட்டா சுகர் ஏறும், கணையம் இன்சுலினை விடும், ரெண்டு மணி நேரத்துல இறங்கும். இறங்காம நின்னாத்தான் பிரச்சனை.

அடுத்த கூத்தைக் கேளுங்க. ஸ்கோர் வேணும்னு நான் இட்லியை விட்டேன். வாழைப்பழத்தை விட்டேன். பயறு சுண்டலைக்கூட சந்தேகமாப் பாத்தேன். பதிலுக்கு வெண்ணெய், சீஸ், முந்திரி, நெய்யில பொரிச்ச முட்டை. கிராஃப் தஞ்சாவூர் வயக்காடு மாதிரி சமமா படுத்துக்கிச்சு. ஸ்கோர் 93! கோச்சு கை தட்டுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு ஆபீஸ்ல வருஷாந்திர ரத்தப் பரிசோதனை வந்துச்சு. எல்டிஎல் 118-லேர்ந்து 149. எடை ரெண்டு கிலோ கூட.

ஏன்னா அந்தப் பில்லைக்குக் குளுக்கோஸ் ஒண்ணைத்தான் தெரியும். இன்சுலின் தெரியாது, எல்டிஎல் தெரியாது, ட்ரைகிளிசரைடு தெரியாது, ரத்த அழுத்தம் தெரியாது. சோத்துல நெய்யை ஊத்தினா வயிறு மெதுவா காலியாகி கோடு தட்டையாகும், கலோரி கூடுறது அதுக்குத் தெரியாது. பழச்சர்க்கரையைக் கொட்டினாலும் குளுக்கோஸ் பெருசா ஏறாது, கல்லீரல்ல கொழுப்பா மாறுறது அதுக்குத் தெரியாது. ராத்திரி சரக்கடிச்சா சுகர் இறங்கக்கூட செய்யும். அப்ப சரக்கு ஆரோக்கியமா? :-) ஒரே ஒரு நம்பரை வச்சு ஆளை எடை போட்டா, ஆளு அந்த நம்பருக்குத்தான் வேலை செய்வான். மாசத்துக்கு எத்தனை டிக்கெட் மூடினேன்னு அப்ரைசல் வாங்குற நமக்கா இது தெரியாது?

இப்ப நான் சொல்லப் போறதுக்காகத்தான் இந்தப் பதிவே.

பொங்கல் லீவுக்கு திண்டுக்கல் போயிருந்தேன். அம்மா முதல்ல பாத்ததும், "கையில என்னடா அது, தடுப்பூசியா?"ன்னாங்க. விளக்கினேன். விலையையும் சொன்னேன். ஒண்ணும் சொல்லலை. ராத்திரி ரெண்டே முக்கால் மணிக்கு போன் அலறுது. 61. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது. அம்மா எழுந்து வந்து, லைட்டைப் போட்டு, அவங்க குளுக்கோமீட்டரை எடுத்து என் விரல்ல குத்தினாங்க. 94. என்னை ஒரு தடவை பாத்தாங்க. "நீ அந்தக் கை மேலயே படுத்திருந்தியேப்பா" அப்படின்னாங்க. அப்புறம் படிச்சுப் பாத்தா அதேதான். சென்சார் மேல அமுக்கிப் படுத்தா அந்த இடத்துல திரவ ஓட்டம் குறைஞ்சு, பொய்யா கம்மி காட்டும். தெரிஞ்ச குறைதான். கோச்சுக்கு மட்டும் தெரியலை. காலையில மெசேஜ்: "நைட் லோ வந்திருக்கு சார், எங்களோட பெட்டைம் பவுடர் ட்ரை பண்ணலாமே?"

ஆனா அந்த ராத்திரி அம்மா படுக்கப் போகும்போது ஒண்ணு சொன்னாங்க. "எனக்கும் ராத்திரி மூணு மணிக்கு இப்படித்தாம்ப்பா. உடம்பெல்லாம் வேர்த்து ஊத்தும், படபடன்னு அடிச்சுக்கும். ரெண்டு ஸ்பூன் சர்க்கரையை வாயில போட்டுட்டுப் படுத்துக்குவேன். அப்பாவை எதுக்கு எழுப்பணும்னுதான்."

அஞ்சு வருஷமா ராத்திரி இன்சுலின் போடறவங்க. இத்தனை நாள் எங்க யார்கிட்டயும் சொல்லலை. ஒரு நாள் அந்த சர்க்கரை டப்பா வரைக்கும் நடக்க முடியாம போயிருந்தா? வியாதியே இல்லாத மகன் கையில, இட்லிக்கு மார்க் போடறதுக்கு அத்தனை காசு சென்சார். நிஜமாவே விழற அம்மா கையில ஒண்ணுமில்லை. அன்னிக்கு ராத்திரி எனக்கு அப்புறம் தூக்கம் வரலை.

மூணாவது சென்சாரை நான் பிரிக்கவே இல்லை. அம்மாவோட டாக்டர்கிட்ட கேட்டுட்டு, அவங்க கையில ஒட்டி, அந்தப் புரோகிராம் செயலியில்லாம சென்சார் தயாரிச்சவங்களோட சொந்தச் செயலியிலயே இணைச்சோம். 14 ராத்திரியில அஞ்சு ராத்திரி 60-க்குக் கீழ. அலாரம் அடிச்சப்பல்லாம் அப்பா எழுந்து விரல்லயும் குத்திப் பாத்துக் குறிச்சு வச்சார், நிஜமாவே கம்மிதான். டாக்டர் அந்த கிராஃபை ரெண்டு நிமிஷம் பாத்தார். ராத்திரி டோஸைக் குறைச்சார். இப்ப வேர்த்து எழுந்திருக்கிறதில்லை. ஸ்கோர் இல்லை, கோச்சு இல்லை, பவுடர் இல்லை. இதுக்குத்தான்யா இந்தக் கருவி!

"அப்ப எங்க பயம் பொய்யா?"ன்னு நீங்க கேப்பீங்க. இல்லவே இல்லை. சென்னை டாக்டர் மோகனோட மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்னு செஞ்ச ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2023-ல வந்துச்சு. இந்தியாவுல சர்க்கரை உள்ளவங்க 10.1 கோடி, அதுக்கு முந்தின கட்டத்துல 13.6 கோடி. நம்ம ஆளுங்களுக்கு ஒல்லியா இருந்தாலும் வரும். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல லான்செட் இதழ்ல அவங்க போட்டோவையே போட்டுக் காட்டினாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. யுட்கின் உடம்புல கொழுப்பு 9.1 சதவீதம், நம்ம யாஜ்னிக் உடம்புல 21.2 சதவீதம். பயம் நிஜம். அந்தப் பயத்துக்கு இவங்க விக்கிற மருந்துதான் போலி.

நிஜ மருந்துக்கு நம்ம சென்னையிலயே சோதனை பண்ணிக் காட்டியிருக்காங்க. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம், 2006-ல முடிவு வந்துச்சு. சர்க்கரைக்கு முந்தின கட்டத்துல இருந்த 531 பேர், மூணு வருஷம். சும்மா விட்டவங்கள்ல 55 சதவீதம் பேருக்கு சர்க்கரை வந்துடுச்சு. தினம் அரை மணி நேரம் வேகமா நடக்கச் சொல்லி, சாப்பாட்டைச் சீர் பண்ணவங்கள்ல 39.3 சதவீதம் பேருக்குத்தான் வந்துச்சு. யார் கையிலயும் பில்லை ஒட்டலை.

எனவே பில்லைக்கு முன்னாடி செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெறும் வயித்துல ஒரு டெஸ்ட், எச்பிஏ1சி ஒண்ணு, கொழுப்பு ஒண்ணு, ரத்த அழுத்தம். டெய்லர்கிட்ட இருக்கிற டேப்பை வாங்கி இடுப்பைச் சுத்தி அளங்க. ஆம்பளைன்னா 90 சென்டிமீட்டர், பொம்பளைன்னா 80. தாண்டினா வேலை இருக்குன்னு அர்த்தம். எச்பிஏ1சி 5.7-லேர்ந்து 6.4-க்குள்ள வந்தா எச்சரிக்கை, 6.5 வந்தா நேரா டாக்டர். எல்லாம் சேர்ந்து ஒரு சென்சார் விலைக்கு வராது.

நியாயமாச் சொல்லணும்னா எனக்கு ஒரு நல்லது நடந்துச்சு. ராத்திரி சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடந்தா கோடு இறங்குறதை என் கண்ணால பாத்தேன். இன்னிக்கும் நடக்கிறேன். ஆனா சாப்பிட்டதும் நடன்னு என் ஆயா சொன்னதுக்கு சந்தா வாங்கலை.

இல்லைப்பா, எச்பிஏ1சி எல்லையில நிக்குது, ஒரு தடவை மாட்டிப் பாத்தே ஆகணும்னு சொல்றவங்க, பணம் கட்டறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேளுங்க:

1. உள்ள இருக்கிற சென்சார் யாரோடது, எந்த மாடல், மார்டு எவ்வளவு? மழுப்பினா எழுந்து வந்துடுங்க.

2. ஸ்கோரை எப்படிக் கணக்குப் போடறீங்க? "அது எங்க தனி அல்காரிதம்"னா, உங்களுக்குப் புரியாத பரீட்சைக்கு மார்க் வாங்கப் போறீங்கன்னு அர்த்தம். ஸ்கோரில்லாத கச்சா டேட்டாவை நாம எடுத்துக்க முடியுமா?

3. ஆரம்பத்துலயும் முடிவுலயும் எச்பிஏ1சி, கொழுப்பு பாப்பீங்களா? கோடு தட்டையாச்சான்னு மட்டும் பாக்கிறவங்க வேண்டாம்.

4. நான் என்ன மாத்திரை சாப்பிடறேன்னு கேப்பீங்களா? சில சென்சார்ல வைட்டமின் சி அதிகம் எடுத்தா ரீடிங் பொய்யா ஏறும். இதைக் கேக்காத கோச்சு கோச்சே இல்லை.

5. கோச்சு என்ன படிச்சிருக்கார்? உணவியல் படிச்சவரா, இல்லை பவுடர் விக்கிறவரா?

6. ஒரே ஒரு சென்சார், ரெண்டு வாரம், அதோட நிறுத்திக்கலாமா? வருஷ சந்தாவுல தலையை விடாதீங்க.

7. சென்சார் இல்லாம அதே அறிவுரையை மட்டும் வாங்கினவங்களோட ஒப்பிட்டு சோதனை பண்ணியிருக்கீங்களா? "எங்க கஸ்டமர் சொல்றாங்க" அப்படிங்கிறது பதில் இல்லை.

8. என் டேட்டா யாருக்குப் போகும்? ஆபீஸ் மூலமா எடுத்தா ஆபீஸுக்கும் போகுமா?

இந்த எட்டையும் நான் என் கோச்சுகிட்ட கேட்டேன். ரெண்டுக்குத்தான் பதில் வந்துச்சு. மீதி ஆறுக்கு, "டீம்கிட்ட செக் பண்ணிட்டு சொல்றேன் சார்". இன்னும் செக் பண்ணிக்கிட்டிருக்காங்க.

கடைசியா, அந்த மூணு நண்பர்களுக்கும் சேத்துச் சொல்றேன். உங்க வீட்டுல இன்சுலின் போடற அம்மாவோ அப்பாவோ மாமாவோ கண்டிப்பா ஒருத்தர் இருப்பார். இன்னிக்கு ராத்திரி போனைப் போட்டு, "தூக்கத்துல எப்பவாவது வேர்த்து எழுந்திருக்கிறீங்களா?"ன்னு ஒரு தடவை கேளுங்க. ஆமான்னா, அந்தப் புரோகிராம் காசை எடுத்துக்கிட்டு அவங்களோட டாக்டர்கிட்ட போங்க.

இட்லியை நிம்மதியா சாப்பிடுங்க. நாலுக்குப் பதிலா மூணு.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை. ஜாவா எழுதறவன். இன்சுலின் டோஸை என் பதிவைப் படிச்சு மாத்தினா அம்மா சத்தியமா நான் பொறுப்பில்லை. டாக்டரைக் கேட்டுத்தான் செய்யணும்.

டிஸ்கி 2: மேல சொன்ன ஸ்டெலோ, லிங்கோ ரெண்டுமே இன்சுலின் போடாதவங்களுக்காக வந்தது. வீட்டுல இன்சுலின் போடறவங்களுக்குன்னு அதை வெளிநாட்டுலேர்ந்து வாங்கிட்டு வந்துடாதீங்க.

டிஸ்கி 3: புரோகிராம் விக்கிற அன்பர்கள் பின்னூட்டத்துல தாராளமா திட்டலாம். எட்டுக் கேள்விக்கும் பதில் சொல்லிட்டுத் திட்டினா ரொம்ப சந்தோஷம். ஆட்டோ மட்டும் அனுப்பிடாதீங்க சாமிகளா :-)